பெரிய பாபு, சின்ன பாபு

பிதிஷா நந்தியின் முதல் டிஜிட்டல் கேமரா இப்போதும் அவளுடைய ஸ்டுடியோவில்தான் இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்திருக்கிறாள். அதைக் கொன்றவர் பெரிய பாபு.

பெரிய பாபு ஒரு பழைய ஃபிளாஷ். செங்கல் அளவு, செங்கல் கனம். பிதிஷா பிறப்பதற்கு முன்பே ஜப்பானிலிருந்து வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. சின்ன பாபு அதன் தம்பி, அரைச் செங்கல். ஃபிலிம் கேமரா காலத்தில் இரண்டும் எந்தக் கேமராவின் தலையிலும் ஏறி உட்கார்ந்தன. அந்தக் கேமராக்களுக்குள் இருந்தது வெறும் தகட்டு சுவிட்ச். ஃபிளாஷின் அடியில் இருக்கும் பித்தளை முள்ளில் எத்தனை வோல்ட் நின்றாலும் அதற்கு உறைக்காது. புதுக் கேமராவுக்குள் இருப்பது மூளை. பிதிஷா பெரிய பாபுவை அதன் தலையில் செருகினாள், சுவிட்சைப் போட்டாள், ஒரே ஒரு படம் எடுத்தாள். சத்தம்கூட வரவில்லை. கேமரா அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து பாபுக்கள் இருவருக்கும் கேமராவைத் தொட அனுமதியில்லை. கல்யாணப் பந்தலின் இரண்டு மூலைகளில் மூங்கில் கம்பம் நட்டு, உச்சியில் ஆளுக்கொருவராகக் கட்டிவிடுவாள். ஒவ்வொருவரின் காலடியிலும் ஒரு சின்ன ஒளிக்கண். எங்கேயாவது ஒரு ஃபிளாஷ் வெட்டினால் அந்தக் கண் பார்த்துவிட்டு பாபுவைக் கிள்ளும். பாபு எரிவார். அவள் கேமராமேல் இருப்பது புது ஃபிளாஷ், சாதுவானது. அது லேசாகக் கண்ணடித்தால் போதும், மூலைக்கு மூலை மின்னல். கம்பியும் கிடையாது, ஆபத்தும் கிடையாது. எரிந்த பிறகு மூச்சு வாங்க மட்டும் அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். பெரிய பாபுவுக்கு நான்கு வாய் டீ குடிக்கும் நேரம்.

அந்தக் கண்ணுக்கு ஒரே ஒரு குறை. எரிந்தது யாருடைய ஃபிளாஷ் என்று அதற்குத் தெரியாது.

சந்தன்நகரில் ஊர்மியின் கல்யாணம். ஊர்மியும் பிதிஷாவும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஊர்மியின் அப்பா ஹரிசாதன் கல்கத்தாவிலிருந்து ஆள் வைக்கலாம் என்றார். ஊர்மி இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பிதிஷாவை வைத்தாள்.

அலங்காரம் நடந்துகொண்டிருந்தபோது, நெற்றியில் சந்தனப் புள்ளி வைக்கிறவள் கையைத் தள்ளிவிட்டு, ஊர்மி பிதிஷாவைக் கூப்பிட்டாள்.

"மத்த படமெல்லாம் போனாப் போகட்டும்டி. வெத்தலை இறங்குற படம் மட்டும் எனக்கு வேணும். அதை நீ கோட்டை விட்டேன்னு வை, 'கல்கத்தா ஆளை வெச்சிருக்கலாம்'னு அப்பா வாழ்நாள் பூரா பாடுவாரு. நான் வாழ்நாள் பூரா கேக்கணும்."

"நீ கண்ணை மூடாம இரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நான் எதுக்கு மூடப்போறேன்? ரெண்டு வருஷமா பாத்த மூஞ்சிதானே."

அண்ணன்மார் மணையோடு தூக்கிக்கொண்டு வரும்போது பெண் இரண்டு வெற்றிலையால் முகத்தை மறைத்திருப்பாள். மாப்பிள்ளையை ஏழு சுற்று சுற்றுவார்கள். பிறகு எதிரெதிரே நிறுத்துவார்கள். வெற்றிலை இறங்கும், கண்ணும் கண்ணும் பார்க்கும். எத்தனை வருஷம் சினிமாவுக்குச் சேர்ந்து போயிருந்தாலும் அதுதான் முதல் பார்வை என்று கணக்கு. அது ஒரே முறைதான். இன்னொரு தடவை வெற்றிலையைத் தூக்கச் சொன்னால் ஐயர் அடிப்பார்.

முகூர்த்தம் அந்தி மயங்கும் நேரம். வெயில் சாயும்போதே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அவர்களோடு அவர்களுடைய போட்டோகிராஃபரும் வந்தான். பெண் வீட்டுக்கு ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் என்பதுதான் வழக்கம். இருவரும் ஒருவர் படத்தில் ஒருவர் தலையை நீட்டுவதும் வழக்கம்தான்.

அவன் பெயர் பாச்சு. கல்கத்தாக்காரன். விலையுயர்ந்த கேமரா, அதன்மேல் அதைவிடப் பளபளப்பான ஃபிளாஷ். பிதிஷாவை ஒரு பார்வை பார்த்தான். கம்பங்களை ஒரு பார்வை பார்த்தான். வங்காளத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் அக்கா, அண்ணன்தான்; திதி, தா.

"என்ன திதி, மூங்கில் உச்சில குருவிக்கூடு வெச்சிருக்கீங்க?"

"பெரியவங்கப்பா. மரியாதையா பேசு."

ஊர்மியின் தங்கை ஜும்கி தட்டோடு வந்தாள். தட்டில் ஜல்பரா சந்தேஷ், நடுவே ரோஜாப் பன்னீர் நிரப்பிய இனிப்பு. பாச்சு ஒன்றை எடுத்து, பிதிஷாவைப் பார்த்துக்கொண்டே கடித்தான். சந்தன்நகரில் அதைக் கடிக்கும்போது தட்டைப் பார்க்க வேண்டும். உள்ளே இருந்த பன்னீர் சட்டையில் கோடு போட்டு இறங்கியது.

"கல்கத்தால இதெல்லாம் கெடைக்காதோ?" என்றாள் ஜும்கி.

"கெடைக்கும். அங்க திங்கறவனை யாரும் முறைக்கமாட்டாங்க."

முதல் படமாக மாப்பிள்ளை வீட்டு ஆண்களை வரிசையாக நிறுத்தினான். நடுவில் ஜேட்டு, மாப்பிள்ளையின் பெரியப்பா. லூச்சிப் பூரி ஆறியிருந்தது என்று வந்தவுடனேயே ஒருமுறை கோபித்து முடித்திருந்தார். பாச்சு அமுக்கினான். பந்தல் மூலைகளில் மின்னல் வெட்டியது. அவன் கேமராத் திரையைப் பார்த்தான். ஜேட்டு கரிச்சட்டியாக இருந்தார். இன்னொன்று எடுத்தான். அதிலும் கரி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

என்ன நடந்தது என்று பிதிஷாவுக்கு உடனே புரிந்தது. பாச்சுவின் ஃபிளாஷ் தானே அளந்து எரிகிற ரகம். படத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஒத்திகை வெட்டு வெட்டும், எவ்வளவு வெளிச்சம் வேண்டுமென்று கணக்குப் போடும், பிறகுதான் நிஜமாக எரியும். ஒத்திகையிலேயே பாபுக்கள் இருவரும் முழு மூச்சாகக் கத்திவிட்டார்கள். 'இங்கேதான் வெளிச்சம் கொட்டுகிறதே' என்று அவன் கேமரா தன் வெளிச்சத்தைச் சுருக்கிக்கொண்டது. நிஜப் படம் எடுக்கும்போது பாபுக்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. 'நீங்க மேனுவல்ல வெச்சுக்குங்க, நான் பாபுக்களோட கண்ணை மூடி வெக்கறேன்' என்றால் முடிந்தது.

"என்னது இது?" என்று கேட்டான் பாச்சு.

"வோல்டேஜ்," என்றாள் பிதிஷா. "சந்தன்நகர்ல அப்பப்போ இப்படி ஆகும். லைட்டு ஜாஸ்தி இல்லையா."

அது நம்பக்கூடிய பொய். சந்தன்நகர் விளக்கு அலங்காரத்துக்குப் பேர்போன ஊர், ஹரிசாதன் அந்த ஊர்க்காரர். ஊர்ப் பெருமைக்குக் குறை வைக்காமல் பந்தலின் பின்சுவர் முழுக்க ரதீன் என்ற விளக்குக்காரரைக் கொண்டு ஒரு மயிலை நிறுத்தியிருந்தார். ஆயிரக்கணக்கில் குட்டி விளக்குகள். மயில் தோகை விரிக்கும், மடக்கும். விரித்தால் பந்தலில் எல்லோரும் பச்சை, மடக்கினால் ஊதா. ஃபிளாஷ் இல்லாமல் அங்கே படம் எடுத்தால் மாப்பிள்ளை பல்லி நிறத்தில் வருவார்.

பாச்சு பேட்டரியை மாற்றினான். ஃபிளாஷைக் கழற்றித் துடைத்தான். லென்ஸில் ஊதினான். ஜேட்டு கரியாகவே வந்தார். பிதிஷா ஃபிஷ் ஃப்ரை சாப்பிட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

ஆனால் பாச்சு முட்டாள் அல்ல. ஒருமுறை கேமராவைத் தரையைப் பார்த்துத் திருப்பி, ஃபிளாஷின் சோதனைப் பொத்தானை அமுக்கினான். அமுக்கியபடியே தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தான். குருவிக்கூடு எரிந்தது. இன்னொருமுறை. இந்தத் தடவை மற்ற கம்பத்தைப் பார்த்தான், அந்தக் கூடும் எரிந்தது. அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பு பிதிஷாவுக்குப் பிடிக்கவில்லை.

"ரொம்ப நல்ல வோல்டேஜ், திதி," என்றான்.

அதன்பிறகு அவன் படமே எடுக்கவில்லை. அவள் பின்னாலேயே நடந்தான். பெண்ணுக்கு அத்தைகள் ஆசீர்வாதம் செய்தபோது பிதிஷா கேமராவைத் தூக்கினாள். அவள் விரல் அமுக்குவதற்கு அரை விநாடி முன்னால், பின்னாலிருந்து பாச்சுவின் ஃபிளாஷ் கூரையைப் பார்த்துக் கண்ணடித்தது. பாபுக்கள் எரிந்து ஓய்ந்தார்கள். அவள் படம் கரியாக வந்தது.

"அடடா. வோல்டேஜா?" என்றான்.

அவள் காத்திருந்தாள். பாபுக்கள் மூச்சு வாங்கி முடித்தார்கள். கேமராவைத் தூக்கினாள். பின்னாலிருந்து கண்ணடிப்பு. மூன்று அத்தைகள் கரியானார்கள். நாலாவது அத்தை, "எத்தனை நேரம்டி கையைத் தூக்கிட்டே நிக்கறது?" என்று கேட்டாள்.

பிதிஷா மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். வெற்றிலை இறங்கும் நேரத்திலும் இவன் இதைத்தான் செய்வான். அப்போது என்ன செய்வது?

படியில் ஜும்கியும் அவள் கூட்டாளிகளும் மாப்பிள்ளையின் செருப்பை எப்படித் திருடுவது என்று சதி செய்துகொண்டிருந்தார்கள்.

"செருப்பா?" என்றாள் பிதிஷா. "எல்லா வீட்லயும் செருப்பைத்தான் திருடறாங்க. அவங்களும் எக்ஸ்ட்ரா ஜோடியோடதான் வராங்க. காணாமப் போனா நெஜமாவே தவிக்கற மாதிரி ஏதாவது எடுங்கடி."

"எதை, பிதிஷாதி?"

பிதிஷா எழுந்தாள். பாச்சு இருந்த திசையில் கொஞ்சம் பார்த்தாள். அவ்வளவுதான். பின்னால் எவ்வளவு யோசித்தாலும் தான் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை என்றுதான் அவளுக்கு ஞாபகம்.

சங்கு ஊதினார்கள். மாப்பிள்ளை தீபாயன் நெட்டிக் கிரீடத்தைத் தலையில் சரிசெய்துகொண்டு மணவறையில் போய் நின்றான். மாடியில் ஊர்மியை மணையில் உட்கார வைக்க அண்ணன்மார் வேட்டியை இழுத்துக் கட்டினார்கள்.

"என் ஃபிளாஷைக் காணோம்!"

பாச்சுவின் குரல். கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டு டீ வாங்கப் போயிருக்கிறான். திரும்பி வந்தபோது கேமரா இருந்தது, அதன் தலை மொட்டையாக இருந்தது. இன்னொரு ஃபிளாஷ் வண்டியில் இருந்தது. வண்டி, தாமதமாக வரும் அத்தைகளை ஏற்றிவர மான்குண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது.

பிதிஷா மாடிக்கு ஓடினாள். ஜும்கி குங்குமத் தட்டோடு நின்றாள், முகத்தில் பரம சாது.

"எங்கடி வெச்சிருக்க?"

"எதை?"

"ஜும்கி!"

"பத்திரமா இருக்கு. இன்னிக்கு அங்க எந்த ஆம்பளையும் கை வெக்க முடியாது. பாட்டுப் பாடினாத்தான் திருப்பித் தருவோம். வழிவிடுங்க, அக்காவைத் தூக்கப்போறாங்க."

சுற்றிலும் குலவை. வேறொன்றும் கேட்க முடியவில்லை. பிதிஷா கீழே வந்தபோது பாச்சு வடக்கு மூலைக் கம்பத்தின்கீழ் நாற்காலி போட்டு ஏறி நின்றிருந்தான். சின்ன பாபு அவன் கையில் இருந்தார். ஒளிக்கண்ணைப் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பாபுவின் காலைச் சட்டையில் துடைத்தான். மறு கையில் கேமரா.

"நிறுத்து!" என்று கத்தினாள். "அதைக் கேமராவில போடாதே!"

"ஏன் போடக் கூடாது? என்னோடதை எடுத்தீங்க, உங்களோடதை நான் எடுத்தேன். கணக்கு தீந்துச்சு."

"செத்துப்போயிரும் பாச்சுதா. கேமரா செத்துப்போயிரும்."

"எதனால?"

பிதிஷாவிடம் அதற்கு வேறு வார்த்தை இல்லை.

"வோல்டேஜ்," என்றாள்.

பாச்சு நாற்காலியில் நின்றபடியே சிரித்தான். பந்தலே திரும்பிப் பார்த்தது. "சாயங்காலத்துலேருந்து ஒரே வியாதிதானா? வேற ஏதாவது புதுசா சொல்லுங்க திதி. பேய் இருக்குன்னு சொல்லுங்க, நம்பறேன்."

"அப்போ சொன்னது பொய். இது நெஜம்."

"இதையும் அப்போ மாதிரியே மூஞ்சியை வெச்சுக்கிட்டுதான் சொல்றீங்க."

மாடிப்படியில் குலவை நெருங்கியது. பெண்ணைத் தூக்கிவிட்டார்கள். பிதிஷா யோசித்தாள். அவன் செருகட்டும், அவன் தலையெழுத்து. அவனால் இனி தொந்தரவு இல்லை, பெரிய பாபு ஒருவர் போதும், படம் அவளுக்கு. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் பார்வைப் படம் இல்லை என்றால் ஜேட்டு லூச்சியை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்வார். தவிர, மேஜைமேல் கிடக்கும் அந்தக் கேமராவின் முகம். அதை எதிரிக்குக்கூடக் காட்டக் கூடாது.

பையில் கைவிட்டு மீட்டரை எடுத்தாள். பழைய ஃபிளாஷ் எது கைக்கு வந்தாலும் முதலில் அதை அளந்துவிட்டுத்தான் அவள் தொடுவாள்.

"அளந்து காட்டறேன். கீழ எறங்கு."

"மீட்டரும் உங்க மீட்டர்தானே. அது உங்க பக்கம்தான் பேசும்."

"உன் பாக்கெட்ல பேட்டரி இருக்கா? புதுசு? கொடு."

அவன் சந்தேகத்தோடு ஒரு சின்ன பேட்டரியைக் கொடுத்தான். அவள் மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தாள். ஒன்றரை என்று காட்டியது.

"ஒன்றரை. சரிதானே? உன் பேட்டரி, பொய் சொல்லலையே?"

"சரி."

"இப்போ சின்ன பாபு. சுவிட்சைப் போடு. விரலை அடிப்பக்கம் கொண்டுபோகாதே."

பாபு உள்ளே 'ஙீ' என்று முனகி, மெல்ல மேலேறி, ஓய்ந்தார். முதுகில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிதிஷா ஒரு முனையைக் காலின் நடுவே இருந்த பித்தளை முள்ளில் வைத்தாள், இன்னொன்றைப் பக்கத்து இரும்பில். பாச்சு குனிந்து பார்த்தான். எண்கள் ஓடின. ஐம்பது தாண்டியது. நூறு தாண்டியது. அவன் சிரிப்பு நூற்றைம்பதில் நின்றது. இருநூற்று முப்பதைத் தாண்டியதும் எண்கள் நின்றன.

"இது... வீட்டு கரன்ட் அளவு."

"ஆமா. உன் கேமராவோட புக்ல எத்தனை தாங்கும்னு போட்டிருக்கும். சில கேமரா தாங்கும், சிலது அஞ்சாறுக்கே போயிரும். உன்னது எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"புக்கை யாரு படிச்சா?"

"சுவிட்சை அணைச்சாலும் வயித்துல கோவம் கொஞ்ச நேரம் இருக்கும். அணைச்சிட்டுச் செருகலாம்னும் நெனைக்காதே."

பாச்சு தன் கேமராவை, பசுவிடமிருந்து கன்றை இழுப்பதுபோல, பாபுவிடமிருந்து தள்ளிப் பிடித்தான். சின்ன பாபுவை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான். பாக்கெட்டிலிருந்து ஒளிக்கண்ணும் வந்தது.

"சரி. இப்ப நான் எப்படி எடுக்கறது? உங்க பக்கத்துப் பொண்ணுங்கதான் எடுத்திருக்காங்க, எனக்குத் தெரியும்."

"எனக்கு எதுவும் தெரியாது," என்றாள் பிதிஷா. பிறகு, "பாதிதான் தெரியும். ஜும்கிகிட்ட பாட்டுப் பாடினாத்தான் திரும்ப வருமாம், அதுக்கு இப்ப நேரமில்லை. ஆனா ஒரு வழி இருக்கு."

பாபுவைக் கம்பத்தில் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னாள். ஒரே வெட்டுதான் எரியும், அவளுடைய வெட்டு. அவள் ஃபிளாஷ் மேனுவலில் இருக்கிறது, ஒத்திகை பார்க்காது. அதைப் பார்த்து பாபுக்கள் எரிவார்கள். அந்த நொடியில் பாச்சுவின் கேமராவும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு விநாடி முழுக்கத் திறந்து வைத்தால், எரியும் வெளிச்சம் அவன் படத்திலும் விழும்.

"ஒரு விநாடியா? இந்த மயில் வெளிச்சத்துல எல்லாம் பச்சையா வழிஞ்சிருமே."

"மயிலை அணைக்கணும்."

இருவரும் ரதீனைப் பார்த்தார்கள். அவர் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், பிள்ளை பெற்றவன்போல நின்றிருந்தார்.

"அணைக்கறதா?" என்றார் ரதீன். "என் மயிலையா? பொண்ணு எறங்கற நேரத்துலயா? அதுக்கு என் கழுத்தை நெரிச்சிருங்க."

பிதிஷா கெஞ்சப் போனாள். பாச்சு அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ரதீன்தா," என்றான், "அணைக்கச் சொல்லலை. சாயங்காலத்துலேருந்து விரிச்சு மடக்கி விரிச்சு மடக்கி, இப்ப யாராவது அதைப் பாக்கறாங்களா? எல்லாம் மட்டனைப் பாக்கறாங்க. அதுக்கு ஒரு எடுப்பு வேணும். இருட்டு. ஒண்ணுமே இல்லை. எண்ணெய் விளக்கு மட்டும். வெத்தலை எறங்குது, ஒரு மின்னல் வெட்டுது, உடனே நீங்க மயிலை விரிக்கறீங்க. யோசிச்சுப் பாருங்க."

ரதீன் யோசித்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"பொய் சொல்றதுல உனக்கும் பழக்கம் உண்டு போல," என்றாள் பிதிஷா, நடந்துகொண்டே.

"கல்கத்தால இதுக்குப் பேரு மார்க்கெட்டிங்."

ஊர்மி வந்தாள். நான்கு அண்ணன்மார் மணையைத் தோள் உயரத்தில் தூக்கியிருந்தார்கள். முகத்தின்முன் இரண்டு வெற்றிலை, தலையில் நெட்டி மகுடம், மடியில் முந்தானை மலைபோலக் குவிந்திருந்தது. ஜும்கி மணையின் பக்கத்திலேயே, விலகாமல் நடந்தாள். ஏழு சுற்று. மூன்றாவது சுற்றில் ஒரு அண்ணன் தடுமாறினான். ஜேட்டு, "எங்க வீட்ல சோறு போடுவோம், இளைக்க வெச்சுக் கொடுக்க வேண்டாம்!" என்றார். பெண் வீட்டார் திருப்பி ஏதோ சொன்னார்கள். ஹரிசாதன் இரண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டார்.

எதிரெதிரே நிறுத்தினார்கள். மயில் அணைந்தது.

"என்னாச்சு? கரன்ட் போயிருச்சா?" ஹரிசாதன் அலறினார். "சொன்னேனே, கல்கத்தா ஆளை..."

"காக்கு, பேசாம இருங்க!" இரண்டு போட்டோகிராஃபரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது. பிதிஷா இடப்பக்கம் மண்டியிட்டாள். பாச்சு வலப்பக்கம். முதல்முறையாக அவன் தலை அவள் படத்தில் இல்லை. அவன் விரல் பொத்தான்மேல். அவள் விரல் பொத்தான்மேல். அவள் சொன்னவுடன் அவன் திறக்க வேண்டும். அவன் திறந்தவுடன் அவள் வெட்ட வேண்டும். அவன் வேண்டுமென்றே சும்மா இருந்துவிடலாம். அவள் வேண்டுமென்றே முந்திக்கொள்ளலாம். அவளுக்கு அது ஒரு கணம் தோன்றியது. அவனுக்கும் தோன்றியிருக்கும்.

வெற்றிலை அசைந்தது. கொஞ்சம் இறங்கியது. கூட்டம் மூச்சை இழுத்தது. வெற்றிலை திரும்ப ஏறியது. உள்ளிருந்து ஊர்மி சிரிக்கும் சத்தம்.

"ஏய், கழுதை," என்றாள் பிதிஷா பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் கல்யாணப் பொண்ணுடி," என்றது வெற்றிலை.

பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் இரண்டு இலையும் பிரிந்தன.

"பாச்சுதா!"

அவன் கேமரா கண்ணைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் வெட்டினாள். பெரிய பாபுவும் சின்ன பாபுவும் இரண்டு மூலையிலிருந்தும் முழுத் தொண்டையில் எரிந்தார்கள். ஒரு கணம் பந்தலில் நிழலே இல்லை. இருட்டு திரும்ப வந்தது, அவன் கேமராவின் கண் மூடியது. அந்தச் சத்தத்தின்மேல் ரதீனின் மயில் சுவர் முழுக்கத் தோகையை விரித்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. சங்கு, குலவை, கைதட்டல். ஜேட்டு எழுந்து நின்று கைதட்டினார். "இது ஏற்பாடு! இதுக்குப் பேரு ஏற்பாடு!" என்று ஹரிசாதனின் முதுகில் அறைந்தார். ஹரிசாதன், எல்லாம் தான் சொன்னபடிதான் நடந்தது என்பதுபோலத் தலையாட்டினார்.

பிதிஷா திரையைப் பார்த்தாள். ஊர்மி. கண் திறந்திருந்தது, ஒளி இரண்டு பக்கமும் விழுந்திருந்தது, வெற்றிலை கன்னத்தைவிட்டு இப்போதுதான் பிரிந்திருந்தது. தீபாயன், அவளை இதற்குமுன் பார்த்தே இராதவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிதிஷா கொஞ்ச நேரம் அந்தப் பார்வையையே பார்த்தாள். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டினாள்.

"எனக்கு வந்துருச்சு. உனக்கு?"

பாச்சுவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, கீழே நகர்த்தி, இன்னும் பெரிதாக்கினான். பிறகு கேமராவை அவள் பக்கம் திருப்பினான்.

அவன் இருந்த வலப்பக்கத்திலிருந்து ஊர்மியின் மடி தெளிவாகத் தெரிந்தது. முந்தானை மலையின் உச்சியில், சிவப்புப் பட்டுக்கும் தங்க ஜரிகைக்கும் நடுவே, கறுப்பாக, சதுரமாக, பளபளப்பாக ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாபுக்களின் வெளிச்சத்தில் அதன்மேல் ஒட்டியிருந்த பாச்சுவின் பெயர்கூடப் படிக்க முடிந்தது.

"திதி," என்றான் பாச்சு, ரொம்ப அமைதியாக. "இது என்னது?"

பிதிஷா குனிந்து பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"வோல்டேஜ்," என்றாள்.

அவன் சிரிக்கக் கூடாது என்று பார்த்தான். முடியவில்லை. மணவறைப் பக்கம் திரும்பி, "ஜும்கி, எந்தப் பாட்டு வேணும்?" என்று கத்தினான். மாலை மாற்றி முடிந்திருந்தது. ஊர்மி மணையில் இருந்தபடியே அவனைப் பார்த்தாள். முந்தானைக்குள் கைவிட்டு அவன் ஃபிளாஷை வெளியே எடுத்தாள், சுவிட்சைப் போட்டாள், நேராக அவன் முகத்துக்கு நீட்டிச் சோதனைப் பொத்தானை அமுக்கினாள்.

மூலைகளில் இருந்த இரண்டு கண்களும் அதைப் பார்த்தன. யாருடையது என்று கேட்கவில்லை. பெரிய பாபுவும் சின்ன பாபுவும் எரிந்தார்கள். வாய் திறந்து, கண் மூடி, சட்டையில் பன்னீர்க் கறையோடு பாச்சு மூன்று பக்க வெளிச்சத்தில் நின்றான்.

நல்ல படம். பிதிஷா கேமராவைத் தூக்கினாள். ஆனால் வெட்டினால் பயனில்லை. பாபுக்கள் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.